கண்ணடித்த குதிரை

உலகத்திலேயே இரண்டு பொய்க்கால் குதிரைகளுக்குத்தான் கண்ணிலும் காதிலும் விளக்கு எரிந்தது. நம்பாவிட்டால் போங்கள்! விளக்குக்கு மின்சாரம் திறந்துவிட, ஒவ்வொன்றின் வயிற்றிலும் நகத்தளவு சுவிட்ச் சிப், விளக்குக்கு ஒன்றாக நாலு கதவோடு. வெள்ளைக் குதிரையில் இருந்தது அண்ணன் சிப், கறுப்பில் தம்பி சிப்.

திருவிழா ஆட்டப் போட்டியில் தோற்கும் குதிரை அடுப்புக்கு விறகு என்று பேச்சு.

ஆடுகிறவர்களின் உடற்சூட்டில் குதிரை வயிறு கொதித்தது. உள்ளே பல்லி இட்ட முட்டைகூட அவிந்துவிட்டது.

“கதவுக்கு முப்பது மில்லியாம்ப் மின்சாரம் தாங்கும்னு, நம்மளச் செஞ்ச கம்பெனி எழுதின பிறப்புச் சீட்டுல இருக்கு. நாலையும் முழுசாத் திறந்துட்டேன்!” என்றான் அண்ணன்.

“அது குளிர்ந்த அறையில, ஒத்தைக் கதவுக்கு அண்ணே. நாலு கதவுச் சூடும் ஒரே உடம்புலதானே இறங்குது? மின்சாரம் பாதியானா சூடு கால்வாசி. நாலு கால் சேர்ந்தா ஒண்ணு. அதனால கதவுக்குப் பதினைஞ்சு. இந்த வெக்கைக்கு மூணு கழிச்சுப் பன்னிரண்டு.”

“கஞ்சப்பயலே! உன் குதிரை தூங்குதுடா!”

கறுப்பின் மங்கலான கண்ணைப் பார்த்துக் கூட்டமும் சிரித்தது. தம்பி பன்னிரண்டைத் தாண்டவில்லை.

மூன்றாம் சுற்றில் அண்ணன் ‘டப்’பென்று கருகினான். வெள்ளைக் குதிரை குருடாகிப் பந்தல்காலில் முட்டியது.

அப்போது மேல்காற்று வீசி, கறுப்பின் வயிறு குளிர்ந்தது. தம்பி மறுபடி கணக்குப் போட்டான். “இப்போ பதினைஞ்சு தாங்கும்!”

கண்கள் பளீரென்றன. விசில் பறந்தது.

“இவ்வளவு நேரம் கண்ணைச் சொருகிக்கிட்டு நடிச்சிருக்கு, கள்ளக் குதிரை!” என்றது கூட்டம்.

மாலை கழுத்தில் விழுந்தபோது தம்பி ஒரே ஒரு கண்ணின் கதவை மூடித் திறந்தான். குதிரை கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தது.