நாளுக்கு நாள் மோசம்

"இதுவும் சரியில்லை," என்று உதட்டைப் பிதுக்கினான் கணவன். "ஆரம்பத்துல நல்லாத்தானே வரைஞ்சே? நாளுக்கு நாள் மோசமாயிட்டே வருது. கன்னம் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கு. தலையில பாதி முடியைக் காணோம்!"

மனைவிக்கு அழுகை முட்டியது. கல்யாணமான நாளிலிருந்து, வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் தினமும் ஒரு முகம் வரைந்து பழகுவதை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

"எனக்கு இது வராதுங்க. விட்டுடறேன்," என்று பென்சிலைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நாத்தனார், படத்தை எட்டிப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தாள்.

"அடேய் தம்பி, அப்படியே நீயேதான்டா! வழுக்கைகூட இம்மி பிசகலை!"

கணவன் அவசரமாக எழுந்தான்.

"அசையாம உட்காருங்க," என்றாள் மனைவி, பென்சிலைச் சீவியபடி. "இன்னும் தொப்பை பாக்கி இருக்கு."