என்னை ஒரு படம் எடேன்!

"என்னை ஒரு படம் எடேன், கண்ணு!"

குரலைக் கேட்டதுமே டெஸ்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார்? மேவிஸ்தான். அறுபதைத் தாண்டிய வயசு, மஞ்சள் மழைக்கோட்டு, கழுத்தில் ஓபீராயன் காலத்து ஃபிலிம் கேமரா.

விடுதியில் மேவிஸைத் தெரியாத ஆளே இல்லை. அருவி முன்னால் ஒரு படம், பஸ் நிறுத்தத்தில் ஒரு படம், 'கரடி நடமாட்டம், ஜாக்கிரதை' பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு படம். எதிரே எவர் தனியாக வந்தாலும் கேமராவை நீட்டிவிடுவாள்.

முந்தின நாள்தான் சமையலறையில் பாஸ்தாவைக் கிண்டிக்கொண்டே டெஸ்ஸா பொருமியிருந்தாள்.

"இந்த வயசுல தன் மூஞ்சி மேல இவ்வளவு ஆசையா!"

"உனக்கு ஏன் வயித்தெரிச்சல்? வா, உன்னையும் நான் ஒண்ணு எடுக்கறேன்" என்றான் பக்கத்து அடுப்பில் நின்ற ஜெர்மன்காரன் யோனாஸ்.

"ஐயையோ, வேண்டாம்பா! நான் எடுக்கிற ஆளு. போஸ் குடுக்கிற ஆளில்லை."

பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. முதுகில் ஒரு மூட்டையோடு ஆஸ்திரேலியாவில் கிளம்பியவள், வியட்நாம், மொராக்கோ, பெரு என்று சுற்றிவிட்டு இப்போது கனடாவின் ராக்கீஸ் மலைக்கு வந்திருக்கிறாள். பயணத்தில் படம் எடுப்பது எப்படி என்று இணையத்தில் ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. முதல் உபதேசமே, 'படத்துக்குள் மனுஷ வாடையே அடிக்கக் கூடாது' என்பதுதான். தப்பித்தவறி எவராவது வந்து விழுந்தால், ராத்திரி உட்கார்ந்து அவரைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

அந்த உபதேசம் பெற்ற தாயிடம் மட்டும் எடுபடவில்லை.

"ஏரியா அனுப்பறே, மலையா அனுப்பறே. ஏரி சாப்பிட்டுச்சான்னா நான் கேட்டேன்? வீடியோவுல வாடின்னா சிக்னல் இல்லைங்கறே. உன் மூஞ்சியப் பாத்து எட்டு மாசமாச்சு. நல்லாத்தான் இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று போன வாரம் அம்மா போனிலேயே அழுதுவிட்டாள்.

டெஸ்ஸாவுக்கும் அனுப்பத்தான் ஆசை. ஆனால் யாரிடம் போய், 'என்னை ஒண்ணு எடுங்க' என்று நிற்பது? ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் அதைக் கேட்டால் கெத்து என்னாகிறது?

கேட்கவே இல்லை.

இப்போது விடிகாலை, ஏரிக்கரை. சிகரங்களின் மேல் ரோஜா நிற வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. நின்றால் சில நிமிஷம்தான். இதற்காகவே இருட்டோடு எழுந்து வந்து, விரல் விறைக்க முக்காலியை நட்டுக் காத்திருக்கிறாள். கேமராவுக்கு நேர் எதிரே, ஏரிக்குக் குறுக்கே, மஞ்சள் கோட்டு!

"மேவிஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். வெளிச்சம் போயிடும்!"

"அது நாளைக்கும் வரும் கண்ணு. நாளைக்கு நான் இங்க இருப்பேனா? ஒண்ணே ஒண்ணு."

எடுத்துத் தொலைத்தால்தான் நகருவாள் என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி, கடனே என்று 'க்ளிக்' பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், சிகரமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

போச்சு! டெஸ்ஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, இப்ப உன் முறை. உன் கேமராவைக் குடு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அதெப்படி? எங்க ஊர் நியூஃபவுண்ட்லாந்துல ஒண்ணை வாங்கிட்டு சும்மா போக மாட்டோம்."

கல்யாண வீட்டு மொய் தோற்றது போங்கள், திருப்பி வைக்காமல் கிழவி நகரவே இல்லை. 'சீக்கிரம் விட்டால் சரி' என்று டெஸ்ஸா உர்ரென்று போய் நின்றாள்.

"ஆங், அப்படியே கடுகடுன்னு வெச்சுக்க. இந்தப் பக்கம் கரடி இருந்தாலும் பயந்து ஓடிடும்!"

டெஸ்ஸாவால் முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள்.

'க்ளிக்'.

திரையில் பார்த்தால் ஏரி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மூக்கு சிவந்து, முடி பறந்து, படம் முழுக்க மனுஷ வாடை. உபதேசத்தில் ஒன்றைக்கூட மேவிஸ் மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் விடுதிக்கு வந்து அதை அம்மாவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே பதில் வந்தது.

'கன்னம் ஒட்டிப்போச்சு. ஆனா அதே சிரிப்பு. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்டி.'

டெஸ்ஸா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் சமையலறையில் டீயோடு உட்கார்ந்திருந்த மேவிஸைத் தேடிப் போனாள்.

"காலைல மூஞ்சியக் காட்டிட்டேன், மன்னிச்சிடுங்க. உங்க ஃபிலிம் ரோலை எங்கிட்ட குடுங்க. டவுன்ல கழுவி, உங்க படத்தையெல்லாம் அழகா பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு? விடு."

"நீங்க விட்டாலும் நான் விட மாட்டேன். ஒண்ணை வாங்கிட்டு சும்மா போகக் கூடாதுல்ல?"

மேவிஸ் மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தாள். வேறு வழியில்லாமல் கேமராவின் முதுகைத் திறந்து காட்டினாள்.

உள்ளே காலி. ஃபிலிமே இல்லை.

"அப்ப, ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் பிடிச்சு நிறுத்தி எடுக்கச் சொன்னீங்களே... அது?"

"தனியா வர்ற பிள்ளைங்ககிட்ட 'உன்னை ஒண்ணு எடுக்கட்டுமா'ன்னு கேட்டா, எல்லாம் ஒரே பதில்தான் சொல்லுது, 'ஐயையோ, வேண்டாம்'னு. அதான் முதல்ல என்னை எடுக்கச் சொல்லிடறேன்."