நிரம்பாத கட்டம்

"அம்மா, இன்னைக்கு [சாப்பாடு] சாப்பிட்டேன். உடம்பு நல்லா இருக்கு."

தன் போனிலிருந்து அம்மாவுக்குப் போயிருந்த மெசேஜை அவன் இரண்டு முறை படித்தான். தினமும் காலையில் பட்டியலிலிருந்து ஒரு சாப்பாட்டின் பெயரை எடுத்து, அந்தக் கட்டத்தில் நிரப்பி அனுப்புவது அவன் எழுதிய புரோகிராம். இன்று பட்டியல் தீர்ந்துவிட்டது. 'நிரப்ப ஒன்றும் இல்லையென்றால் அனுப்பாதே' என்று ஒரு வரி சேர்க்கச் சோம்பல்பட்டிருந்தான்.

"போச்சு, மாட்டிக்கிட்டேன்!" பக்கத்து சீட்டு நண்பனிடம் புலம்பினான். "எட்டு மாசமா மெஷின்தான் பேசுதுன்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்கடா."

"உடனே போன் பண்ணு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

அதற்குள் அம்மாவின் பதில் வந்துவிட்டது. திறந்தான்.

"சரிடா [செல்லப்பெயர்], நேரத்துக்குச் சாப்பிடு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல் கடை வாடிக்கையாளர்களுக்குப் பதில் அனுப்ப அக்காவுக்கு அவன் எழுதிக் கொடுத்த புரோகிராமிலும் இதே ஓட்டைதான். அக்காவை அழைத்தான்.

"அம்மா எங்கக்கா?"

"ஆஸ்பத்திரியிலடா, பத்து நாளா." என்றாள் அக்கா. "'அவனா ஒரு நாள் போன் பண்ணுவான், அப்ப சொல்லு'ன்னாங்க."