மைக்கில் வந்த மாத்திரை

நடவு வயலில் நின்றுகொண்டிருந்த கலியமூர்த்தியைக் கோயில் மைக் கூப்பிட்டது.

"கலியமூர்த்தி அவர்கள் மாத்திரை போடாமல் வயலுக்குப் போய்விட்டதால், உடனே வீட்டுக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். அவர் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினார். வாசலிலேயே மனைவி செந்தாமரை தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

"ஒருநாள் விட்டாலும் இதயம் பொசுக்குன்னு நின்னுடலாம்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்காக ஊருக்கே சொல்லணுமா?"

"போனை வீட்டுலயே வச்சுட்டுப் போனா வேற என்ன செய்யறது? வாயைத் திறங்க."

அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகே அவளும் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை திருத்துறைப்பூண்டியில் டாக்டர் மாளவிகா ஈசிஜியைப் பார்த்துச் சிரித்தார். செந்தாமரை வெளியே மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"துடிப்பு சீராயிடுச்சு. மாத்திரையத் தொடவே மாட்டேன்னாங்களே உங்க மனைவி, எப்படிப் போட வச்சீங்க?"

"தனக்குன்னா எதையும் செஞ்சுக்க மாட்டா, டாக்டர். எனக்கும் அதே வியாதின்னு சொல்லிட்டேன். எனக்குக் கொடுக்காம அவ வாயில எதுவும் வைக்க மாட்டா."

"அப்ப நீங்க தினமும் போடறது?"

"சத்து மாத்திரை."

கதவைத் திறந்துகொண்டு செந்தாமரை உள்ளே வந்தாள்.

"டாக்டர், இவரு இன்னிக்கு லேட்டாத்தான் மாத்திரை போட்டாரு. எனக்கு எடுத்த மாதிரி இவருக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். கலியமூர்த்தி சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.