இறங்காத பிரஸர்

"பொய் சொல்லாதம்மா. கருவாடு தின்னியா இல்லியா?"

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் ஏறி வந்த களைப்பு ஆறவில்லை. தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் தயானி அடுப்படியில் நின்று சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தாள்.

"சத்தியமா இல்ல புள்ள. நாக்குல உப்பு பட்டு எட்டு மாசமாச்சு," என்றாள் விஜயலெட்சுமி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"அப்ப இந்த வாசம்?"

"அது என் வீட்டு வாசம்டி!" என்று சுவருக்கு அந்தப்புறம், அடுத்த காம்பராவிலிருந்து குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் பெரியாயி அத்தையும் வந்தாள். செத்துப்போன அப்பாவுக்கு அக்கா. இரண்டு படி ஏறியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. "சட்டமெல்லாம் ஒங்கம்மாவுக்குத்தான். நான் கருவாடும் திம்பேன், போயிலயும் போடுவேன். வேலைய விட்டு நின்ன கட்ட, என்னய யாரு கேக்குறது?"

தயானிக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கொழுந்து ஏற்றும் லொறியில் படுக்கப் போட்டுத்தான் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மனுசிக்கு ஒரு வண்டி இல்லாத தோட்டம். பிழைத்து எழுந்ததும் டாக்டர் சொன்னார்: "பிரஸரக் கட்டுப்பாட்டுல வச்சிருங்க. அடுத்த தடவை வந்தா ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்த அடுத்த தடவைதான் தயானியைத் தூங்கவிடவில்லை. அப்பா போய் ஆறு வருடம். இருப்பது அம்மா ஒருத்தி. அப்புத்தளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தினமும் போன்தான். உப்புப் போட்டியா, மாத்திரை போட்டியா, எண்ணெயில் பொரித்தாயா.

கிளினிக்கில் மாதாமாதம் பிரஸர் எழுதித் தரும் கொப்பியை எடுத்துப் பிரித்தாள். நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பத்திரண்டு. கடைசியாக, நூற்றுத் தொண்ணூறு. இரண்டாக இருந்த மாத்திரை ஐந்தாகியிருந்தது. அப்படியும் பிரஸர் இறங்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"ஏசியிருப்பாரு," என்றாள் அம்மா.

"ஏசாமக் கொஞ்சுவாரா? மாத்திரைய முழுங்குறியா, தண்ணி ஓடுற கானுக்குள்ள வீசுறியா?"

"அஞ்சையும் முழுங்கிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறேன். இந்த மாசம் ஒரு நாள் வேலைகூட நிக்கல, ஒரு நாள் மாத்திரைகூட விடல. ஆனா ரெண்டு வாரமா எந்திரிச்சா தலை சுத்துது புள்ள. நேத்து கூடையோட கானுக்குள்ள விழப் பாத்தேன்."

தலைசுற்றலா? ஏறின பிரஸர் மண்டைக்குப் போய்விட்டதா? தயானி பையைத் திறந்தாள். கூட வேலை பார்க்கும் றின்ஸா தன் வாப்பாவின் பிரஸர் மெஷினை இரவல் கொடுத்திருந்தாள்.

"கைய நீட்டு."

பட்டை உப்பியது. உறுமியது. மெல்ல இளைத்தது. தயானி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

தொண்ணூற்றாறு. கீழே ஐம்பத்தெட்டு.

கழற்றி மறுபடி கட்டினாள். தொண்ணூற்று நாலு.

"என்னடி, கூடவா கொறைவா?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"மெஷின் பழுது!" என்று கத்தினாள் தயானி. "ஆஸ்பத்திரியில நூத்தித் தொண்ணூறுன்னு எழுதியிருக்காங்க. இது அதுல பாதியக் காட்டுது. மலை ஏறி வந்ததுல இதுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சு!"

"மெஷின ஏன் ஏசுற? எனக்குக் கட்டிப் பாரு," என்றாள் அத்தை.

அதுவும் சரிதான். நோய் இல்லாத ஒரு ஆளுக்குக் கட்டினால் மெஷின் யோக்கியம் தெரிந்துவிடும்.

"வாங்க அத்தை. ஒங்களுக்குத்தான் தலைவலி தவிர ஒண்ணும் இல்லையே."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசக்கூடாது அத்தை."

"தெரியும்டி. பேசுனா ஏறிக் காட்டும்."

பட்டை உப்பியது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் உப்பியது. அப்புறம் விட்டு விட்டு இறங்கியது.

நூற்றுத் தொண்ணூற்றொன்று. கீழே நூற்றுப் பன்னிரண்டு.

தயானி நம்பாமல் இன்னொரு தரம் கட்டினாள். நூற்றுத் தொண்ணூறு. மெஷின் பழுது என்று இந்த முறை அவளால் சொல்ல முடியவில்லை. அத்தையின் சிவந்த கண்களையும் வீங்கிய கால்களையும் அன்றைக்குத்தான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"அத்தை... ஒங்களுக்கு இதுக்கு முன்னாடி யாராச்சும் பிரஸர் பாத்திருக்காங்களா?"

"வேணாம் மதினி, சொல்லாதீங்க," என்றாள் அம்மா அவசரமாக.

"தெரிஞ்சா என்ன, கொன்னா போடுவா?" அத்தை சிரித்தாள். "மாசாமாசம் பாக்குறாங்கடி. ஒங்கம்மா வேலைய விட்டுட்டு அங்க போய்க் கெடக்க முடியுமா? நான்தான் கொப்பியக் கொண்டுபோயி மாத்திரை வாங்கியாறேன். விஜயலெட்சுமின்னு கூப்புட்டா போயி ஒக்காருவேன். அந்த நர்ஸம்மா சிங்களத்துல என்னமோ சொல்லிக்கிட்டே என் கையில கட்டிப் பாத்துட்டு, ஒங்கம்மா கொப்பியில எழுதிக் குடுப்பாங்க."