வயிற்றுக் கதவு

கால் முட்டு தாங்காது, எடையைக் குறை என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் பிழைப்பு. நடையே நின்றுபோன பிறகுதான் போய்ப் படுத்தேன். வயிற்றுக்குள் ஒரு கதவு வைத்துத் தைத்தார்கள். ஒரு நாளைக்கென்று அவர்கள் வைத்த அளவு உள்ளே போனதும் அது சாத்திக்கொள்ளும். மறுநாள் விடிந்தால்தான் திறக்கும். தையல் ஆறியது, உடம்பும் வற்றியது.

நடக்க முடிந்ததும் தங்கை பூங்கனி வீட்டுக்குப் போனேன். வரப்புச் சண்டையில், இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நிற்க வேண்டாமா? ஆனால் சோறு போடுவாளோ மாட்டாளோ என்ற சந்தேகத்தில், பஸ் ஸ்டாண்டிலேயே இட்லி தின்றுவிட்டுப் போனேன்.

அவள் இலை போட்டு நெத்திலிக் குழம்பு ஊற்றினாள்.

"வயித்துக் கதவு சாத்திட்டுது தாயி. நாளைக்குக் காலையில சாப்பிடுதேன்."

"வயித்துக்குக் கதவா? நல்ல சாக்குண்ணே. என் வீட்டுல கை நனைக்க மனசில்லன்னு நேராவே சொல்லிரலாம்லா."

ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டேன். விழுங்கினால் அந்த இலையிலேயே திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழுங்குண்ணே," என்றாள். கண் நிறைந்திருந்தது.

விழுங்கினேன்.