மெட்டி போடும் நேரம்

இளம்பரிதிக்கு ஐந்து வருடமாக முதுகுவலி. பெண் வீட்டாரிடம் அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. இப்போது பட்டுச் சட்டைக்குள் ஆறு உறிஞ்சு கிண்ணங்கள் முதுகைக் கவ்விக்கொண்டிருந்தன. பிசியோதெரபி டாக்டர் ஒட்டிவிட்டவை. அவர் சொல்லிக்கொடுத்தபடி முழுதாகக் குனிந்தால்தான் பிடியை விடும். கல்யாண வேலையைச் சாக்கிட்டு அவன் ஒரு வாரமாகக் குனியும் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்ததால் அவை இன்னும் கழலவில்லை.

“மாப்ளே, நல்லா குனிஞ்சு மெட்டிய போடுங்க” என்றார் ஐயர்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். டப்! டப்! ஆறும் கழன்று சட்டைக்கு அடியிலிருந்து மணமேடையில் விழுந்து உருண்டன. மேளம் நின்றுவிட்டது. அவன் முகம் சுண்டிப்போனது. ஆனால் முதுகு வலிக்கவில்லை!

அம்மிமேல் கால் வைத்திருந்த சுடரொளி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள்: “எனக்கும் முதுகுல நாலு இருக்குங்க. பெரியவங்க கால்ல விழுறப்போ கெட்டிமேளமா வாசிக்கச் சொல்லுங்க.”